தாவீது காதில் பஞ்சு

எங்கள் பக்கம் கோணக்குளம் என்று ஓர் ஊர். அங்கே டெலிபோன் ஆபீஸில் ஆவுடையப்பன், சங்கிலி என்று இரண்டு லைன்மேன்கள். சொன்னதை அப்படியே செய்பவர்கள். தொல்லையே அதுதான்.

கருப்பட்டிக் கடை தாவீதின் மகள் நாக்பூரில் நிறைமாதம். எந்நேரமும் போன் வரலாம். ஆனால் ரிசீவரை எடுத்தால் வடை பொரிகிற சத்தம்தான் கேட்கும். பிள்ளை பிறந்த சேதி காதில் விழாமல் போய்விடுமோ என்று மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை, பாவம்.

மேலதிகாரி ஒரு பெட்டியோடு வந்தார். குமிழைத் திருகத் திருக அது கூடுதலாக இரையும்.

"ஒரு காதில் போன், மறு காதில் பெட்டி. இரண்டும் சமமாகக் கேட்கும்போது குமிழ் காட்டுகிற எண்தான் போனின் இரைச்சல். அதைப் பத்துக்குள் கொண்டுவாருங்கள்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"யாரு காதுல அளக்க, அண்ணாச்சி?" என்றான் சங்கிலி.

"கஷ்டப்படுதது யாரு காதோ, அதுலதான்டே."

தாவீதை உட்காரவைத்து அளந்தார்கள். நாற்பது.

"கம்பத்துல ஏறிக் கம்பியப் பாப்பமா?"

"கம்பியப் பத்தி அதிகாரி ஏதாச்சும் சொன்னாரா?"

"சொல்லலியே."

"பொறவு?"

போன் வைக்கிற காதில் கொஞ்சம் பஞ்சு அடைத்தார்கள். முப்பது. இன்னும் கொஞ்சம். பதினைந்து. தாவீதின் தலையணை பாதி இளைத்தபோது ஐந்துக்கு வந்துவிட்டது. இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. நாக்பூர்! மருமகன் தொண்டை கிழியக் கத்தினார். தாவீதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மருமகன் கடைசியில் குழந்தையையே போன் பக்கம் தூக்கிப் பிடித்தார். அது வீறிட்டது பாருங்கள், பஞ்சையெல்லாம் தாண்டி உள்ளே போய்விட்டது.

"கேக்கு! ஐயா, பிள்ள அழுவுது, கேக்கு!" தாவீது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சங்கிலி வெடுக்கென்று ரிசீவரைப் பிடுங்கினான். முறை தவறக்கூடாதே, பஞ்சையும் பிடுங்கித் தன் காதில் அடைத்துக்கொண்டான். ஆவுடையப்பன் பெட்டியை அவன் மறு காதில் வைத்துக் குமிழைத் திருகினார். எண்பது.

"குடுங்கய்யா, என் பேரப்பிள்ளய்யா அது!"

"பொறும்வே, அளந்துக்கிட்டிருக்கோம்லா?" என்ற சங்கிலி, போனில் கண்டிப்பாகச் சொன்னான்: "ஹலோ, நாக்பூரா? ஒங்க பக்கம் இரைச்சல் எண்பது. பத்துக்குள்ள கொண்டாங்க!"

அங்கே யாரோ பிள்ளையை வாங்கித் தாயிடம் கொடுத்திருக்க வேண்டும். அழுகை சட்டென்று நின்றது. ஆவுடையப்பன் குமிழைத் திருப்பித் திருகினார். ஐந்து.

ஆவுடையப்பன் அசந்துபோனார்.

"பாத்தியாடே, நாக்பூர் லைன்மேன! ஒத்த நிமிஷத்துல சரி பண்ணிட்டான். அவ்வளவு பஞ்சு எங்கதான் வச்சிருந்தானோ!"