பேசாத பொந்து

மலைக்காட்டில் ஓர் உயரமான மரம். அதன் பொந்துக்குள் நாச்சி என்ற இருவாட்சிப் பறவை முட்டையிட்டு அடைகாத்தாள். இருவாட்சிகளின் வழக்கப்படி, உள்ளே இருந்தபடியே பொந்தின் வாயை மண்ணால் பூசி அடைத்துக்கொண்டாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும்தான் திறப்பு. சிறகுகளையும் உதிர்த்துவிட்டதால் அவளால் பறக்க முடியாது. கணவன் சடையன் பழம் கொண்டுவந்து கொடுத்தால்தான் சாப்பாடு.

அந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. அக்கம்பக்கத்தில் பழமே இல்லை. சடையன் மலை தாண்டிப் பறந்து, நாவல்பழங்களைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு வருவான். வெயிலில் அலைந்து உடம்பு பாதியாகிவிட்டது. ஆனாலும் நாச்சி அலகை நீட்டிப் பழம் வாங்கி, இரண்டு வார்த்தை பேசினால் போதும். களைப்பெல்லாம் பறந்துவிடும்!

ஒருநாள் அந்தப் பேச்சு நின்றுபோனது.

"நாச்சி! நாச்சி!"

பதில் இல்லை. அலகும் வெளியே வரவில்லை. சடையன் பழங்களைக் கீறலுக்குள் தள்ளிவிட்டுப் போனான். மறுநாளும் அதே கதைதான். அதற்கடுத்த நாளும் அப்படியே.

பக்கத்துக் கிளையில் ஒரு மரநாய் வந்து உட்கார்ந்தது.

"பாவம் சடையா! உள்ளே உயிரோடு யாருமே இல்லை. அவள் எப்போதோ செத்துப் போயிருப்பாள்!"

"அப்படியென்றால் நான் போடும் பழம்?"

"அணில்கள் எடுத்துத் தின்கின்றன. யாருக்காக இப்படிச் சாகிறாய்? எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்!"

மரநாயின் திட்டமே வேறு. பழம் வராவிட்டால் பசி தாங்காமல் நாச்சி சுவரை உடைப்பாள். பறக்க முடியாதவளைப் பிடிப்பது எவ்வளவு சுலபம்!

சடையன் அந்தப் பேச்சை நம்பிவிட்டான். எதிர்மரத்தில் போய்ச் சுருண்டு உட்கார்ந்தான். அன்று முழுவதும் அவன் பறக்கவே இல்லை. 'இத்தனை பாடும் வீணா?' என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடிந்ததும் கீழே புதருக்குள் இருந்து ஒரு சருகுமான் தலையை நீட்டியது.

"என்ன அண்ணா, நேற்று வேலைக்குப் போகவில்லையா? மேலே இருந்து நாவல் கொட்டை விழவே இல்லையே!"

"கொட்டையா?"

"ஆமாம்! தினமும் உங்கள் பொந்திலிருந்து விழும். முந்தாநாள் ஒன்று என் முதுகிலேயே பட்டது! வந்து பாருங்கள்."

சடையன் கீழே இறங்கினான். மேலேயே பறந்து பழகியவன், அந்த மரத்தடியை ஒருநாளும் பார்த்ததில்லை. பொந்துக்கு நேர் கீழே நாவல் கொட்டைகள் சிதறிக் கிடந்தன.

"அணில் தின்று போட்டிருக்குமோ?"

"அணில் கடித்தால் பல் பட்டிருக்காதா? எல்லாம் முழுசாக இருக்கிறதே!"

சடையன் ஒரு கொட்டையை அலகால் புரட்டிப் பார்த்தான். உள்ளே யாரோ சாப்பிடுகிறார்கள்! அடுத்த நொடி அவன் வானத்தில் இருந்தான்.

நண்பகலுக்குள் பழங்களோடு திரும்பினான். நாச்சி அப்போதும் பேசவில்லை. அவன் மறுபடி போனான், மறுபடி வந்தான். பதில் கேட்டு ஏங்கி நிற்கவில்லை. மரநாய் கேலி பேசியபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எலும்பும் தோலுமாய் ஆன பிறகும், காட்டிலேயே முதலில் எழும் சிறகுச் சத்தம் அவனுடையதாகத்தான் இருந்தது.

முதல் மழை பெய்த காலை, நாச்சி உள்ளிருந்து கொத்த, மண்சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது.

மரநாய் பாய்ந்தது. ஆனால் வெளியே வந்த நாச்சிக்குப் புதுச் சிறகுகள் முளைத்திருந்தன! அவள் முன்னாலிருந்து கொத்த, சடையன் பின்னாலிருந்து கொத்த, மரநாய் அலறிக்கொண்டு கீழே விழுந்து ஓடியது.

"இவ்வளவு நாள் ஏன் பேசவில்லை, நாச்சி?"

"மரநாயின் வாடை அடித்துக்கொண்டே இருந்தது. நான் பேசினால் குஞ்சும் கத்தும். குஞ்சு பொரிந்தது தெரிந்தால் சுவரைப் பிறாண்டிவிடும் என்று மூச்சுக்கூட விடவில்லை. பழம் வராத அந்த ஒருநாள்தான் பயந்துபோனேன். சுவரை உடைக்கவே அலகை வைத்துவிட்டேன்!"

சடையன் தலை குனிந்தான்.

நாச்சி மெல்ல விலகி நின்றாள். பொந்துக்குள் ஒரு கொழுகொழு குஞ்சு. அப்பாவைப் பார்த்ததும் வாயை ஆவென்று பிளந்தது.

பலன் கண்ணுக்குத் தெரியாத நாட்களிலும் உழைப்பு எங்கோ ஓர் உயிரை வளர்த்துக்கொண்டிருக்கும். அதை நம்பித் தொடர்கிறவரே அதன் முகத்தைப் பார்ப்பார்.