ராஜாவுக்கும் வாய் திறக்காத எழுத்தர்

ராஜாக்கள் கோவேறு கழுதைமேல் ஏறிப் போன காலம் அது. எழுதத் தெரிந்தவனோ நடந்து போனாலும் ராஜா மாதிரிதான் நடந்தான். அந்தக் காலத்தில், யூதேயா மலைநாட்டில், மாதுளைத் தோப்புகளுக்கு நடுவே ஓர் ஊர் இருந்தது. ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர் யாராவது என்னோடு சண்டைக்கு வருவார்.

அந்த ஊரில் மெசுல்லாம் என்றொரு வேதபாரகர் இருந்தார். வேதபாரகர் என்றால் எழுத்தர். நாணல் பேனாவைச் சீவி, மையில் தோய்த்து, வேதச் சுருளை ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் தோலில் படி எடுப்பவர். அதோடு போயிற்றா? ஊரில் கல்யாணம் என்றால் உடன்படிக்கை எழுத வேண்டியவரும் அவர்தான். நிலம் கைமாறினால் பத்திரம் எழுத வேண்டியவரும் அவர்தான். புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்தால் தள்ளுதல் சீட்டு எழுத வேண்டியவரும் அவர்தான். ஏனென்றால் அந்த ஊரில் வேறு யாருக்கும் எழுத வராது.

மெசுல்லாமுக்கு வேதச் சுருள் என்றால் உயிர். மற்றதெல்லாம் வேப்பங்காய். சுருளில் இருக்கும் ஜனங்கள் பாவம், அவரவர் வரியில் அடக்கமாக இருப்பார்கள். ஊரில் இருக்கும் ஜனங்களோ வாசலில் வந்து உட்கார்ந்து அழுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், ஒரே கதையை மூன்று தடவை சொல்வார்கள். அதையெல்லாம் கேட்டு எழுதுவதற்குள் மெசுல்லாமுக்குத் தலைவலி வந்துவிடும்.

அப்போது அவருக்கு ஒரு பழைய வழக்கம் கை கொடுத்தது. கடவுளின் திருப்பெயரை எழுதும்போது எழுத்தர் நடுவில் நிறுத்தக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. ராஜாவே வாசலில் வந்து நின்று நலம் விசாரித்தாலும் பதில் சொல்லக் கூடாது. நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் திருப்பெயர் என்பது நாலே நாலு எழுத்து. ஒரு பெருமூச்சு விடுவதற்குள் எழுதி முடித்துவிடலாம். இது எழுதத் தெரிந்தவனுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள்?

மனைவி வந்து, "விறகு தீர்ந்துபோச்சு" என்றாள். மெசுல்லாம் பேனாவைத் தோலில் வைத்துக் கண்ணைத் தாழ்த்தினார். திருப்பெயர் எழுதுகிறாராம். மைத்துனன் வந்து, "நிலப் பத்திரம் என்னாச்சு?" என்றான். மறுபடியும் திருப்பெயர். ஒருநாள் வரி வசூலிக்கும் அதிகாரி வந்து வணக்கம் சொன்னார். ராஜாவுக்காவது இரக்கம் உண்டு, வரி அதிகாரிக்கு ஏது? அவருக்கும் பதில் இல்லை. அதிகாரி சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார்.

அவ்வளவுதான். ஊரே வாயைப் பிளந்தது. "அடேயப்பா, எப்பேர்ப்பட்ட பக்தி!" என்றார்கள். அவர் வீட்டைத் தாண்டும்போது கழுதையின் மணியில் துணியைச் சுற்றினார்கள். இப்படி எல்லோரும் சொல்லச் சொல்ல, மெசுல்லாமும் அதை நம்பத் தொடங்கினார். 'நம்மைப் போல ஒரு பக்திமான் இந்த மலைநாட்டிலேயே கிடையாது' என்று அவருக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. கல்யாண உடன்படிக்கைகள் மட்டும் பிள்ளை பிறந்த பிறகு எழுதப்பட்டன.

இப்படி இருக்கையில், ஒருநாள் காலையில் ஏத்தான் என்பவன் அவர் வாசலுக்கு வந்தான். ஒட்டகக்காரன். அவன் மனைவி அக்சாளும் கூடவே வந்தாள்.

"வேதபாரகரே, எனக்கு எகிப்தில் வேலை கிடைத்திருக்கிறது. போனால் போனதுதான், திரும்பி வர மாட்டேன். இவளுக்கு வர மனமில்லை. எனக்கு இங்கே இருக்க மனமில்லை. சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்துகொள்கிறோம். உச்சிப்பொழுதுக்கு ஒட்டகக் கூட்டம் கிளம்புகிறது. அதற்குள் தள்ளுதல் சீட்டை எழுதிக் கொடும்" என்றான்.

மெசுல்லாமின் பேனா தோலைத் தொட்டது. கண் தாழ்ந்தது. வாய் மூடிக்கொண்டது. 'காலையிலேயே வந்துவிட்டார்கள், பொழுது விடிந்தது பொறுக்கவில்லை' என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டார்.

ஏத்தான் நின்று நின்று பார்த்துவிட்டு, "ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்ட வேண்டும்" என்று போய்விட்டான்.

அந்தச் சீட்டு என்ன அப்படிப் பெரிய சீட்டு என்று நினைக்காதீர்கள். புருஷன் சொல்லி, எழுத்தர் எழுதி, புருஷனே அதை அவள் கையில் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அவளுக்கு விடுதலை. கொடுக்காமல் அவன் எகிப்துக்குப் போய்விட்டால் அவள் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. இன்னொருவனைக் கட்டவும் முடியாது. ஆயுசு முழுக்கக் கட்டிப்போட்ட ஆடு மாதிரி கிடக்க வேண்டியதுதான். அக்சாளுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை.

அவள் போகவில்லை. வாசலிலேயே நின்றாள். வெயில் ஏறியது. "ஐயா, ஒட்டகங்களுக்குச் சுமை ஏற்றுகிறார்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். என் வாழ்க்கையே இதில்தான் இருக்கிறது" என்றாள்.

மெசுல்லாமுக்கு அது கேட்டது. நன்றாகவே கேட்டது. மனதுக்குள் ஏதோ சுருக்கென்று குத்தவும் செய்தது. ஆனால் இப்போது வாய் திறந்தால் காலையிலிருந்து திறக்காததற்கு என்ன பதில் சொல்வது? அதனால் இன்னும் கெட்டியாக மூடிக்கொண்டார்.

அக்சாள் ஊர் வாசலுக்கு ஓடினாள். அங்கே நியாயம் பேச உட்கார்ந்திருந்த மூப்பர் ஏப்பேரை அழைத்து வந்தாள். பின்னாலேயே பாதி ஊரும் வந்தது. மூப்பர் தடியை ஊன்றிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, வாசல் ஓரமாக நின்றார். "மெசுல்லாம், திருப்பெயர் முடிந்ததும் இந்தப் பெண்ணைக் கொஞ்சம் கவனியும்" என்று மெல்லச் சொன்னார். மெசுல்லாமின் கண் இமைகூட அசையவில்லை. கூட்டத்துக்கு ஒரே புல்லரிப்பு.

"பொறு மகளே. இது கடவுள் காரியம். நாம் குறுக்கே போகக் கூடாது" என்றார் மூப்பர்.

தூரத்தில் ஒட்டக மணிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஏத்தான் ஓடி வந்து, "நான் கிளம்புகிறேன், இனி முடியாது" என்றான்.

அக்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூப்பர் பக்கம் திரும்பி, சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னாள். "விடுங்கள் தாத்தா. இவர் எழுதாமல் இருப்பதே நல்லது. பக்கத்து ஊர் எழுத்தர் ஏகூத் சொல்வாராம், மெசுல்லாமின் எழுத்தில் தாலேத்துக்கும் ரேஷுக்கும் வித்தியாசமே தெரியாது என்று. அப்படிப்பட்டவர் சீட்டு எழுதினால் என் பெயரே மாறிப்போகும்."

தாலேத்தும் ரேஷும் எபிரேய எழுத்துகள். நம் ரகரமும் துணைக்காலும் போல, பார்வைக்கு அக்கா தங்கைகள். ஒன்றுக்கு மூலை கூர்மையாக இருக்கும், மற்றதற்கு வளைந்திருக்கும். அந்த மூலை தவறினால் அர்த்தமே தலைகீழாகிவிடும். ஓர் எழுத்தரை அப்பன் பெயர் சொல்லித் திட்டலாம், பொறுத்துக்கொள்வார். இதைச் சொன்னால் பொறுப்பாரா?

"யார் சொன்னது?" என்று துள்ளி எழுந்தார் மெசுல்லாம். "அந்த ஏகூத்தா? அவனா? மூலை எது, வளைவு எது என்று அவனுக்குத் தெரியுமா? அவன் எழுதும் எழுத்து வெயிலில் வாடிய கீரைத்தண்டு! அவன் என் எழுத்தைப் பேச வந்துவிட்டானா? அவனை இங்கே வரச் சொல்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லோர் கண்ணும் அவர் வாய்மேல்.

மூப்பரின் முகம் வெளுத்துப்போயிற்று. அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே துக்கப்பட்டார். "ஐயோ மெசுல்லாம்! திருப்பெயரின் நடுவில் பேசிவிட்டீரே! நம் ஊர் வழக்கப்படி இந்தச் சுருள் இனி செல்லாது. எரிக்கவும் கூடாது, அழிக்கவும் கூடாது. மண்சாடியில் வைத்துப் புதைக்கத்தான் வேண்டும்."

பெண்கள் சாவு வீட்டில் அழுவது போல அழ ஆரம்பித்தார்கள். ஒருவன் சாடி எடுக்க ஓடினான். ஒருவன் மண்வெட்டி எடுக்க ஓடினான். இருவர் வந்து சுருளை மரியாதையாகத் தூக்கினார்கள்.

மெசுல்லாம் தவித்தார். சுருளைக் காப்பாற்றினால் பெயர் போகும். பெயரைக் காப்பாற்றினால் சுருள் போகும். மூன்று ஆண்டு உழைப்பு, கண் எரிய எரிய எழுதியது. மனிதர்களைத் தட்டிக் கழித்தாரே தவிர, அந்தச் சுருள்மேல் அவர் வைத்திருந்த பாசம் பொய் இல்லை.

"நில்லுங்கள்!" என்று கத்தினார். "சுருளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் எழுதியது திருப்பெயர் இல்லை."

"பின்னே?" என்றார் மூப்பர்.

"வேதத்தில் வருகிற, சாப்பிடக் கூடாத மிருகங்களின் வரிசை."

"காலையில் ஏத்தான் வந்தபோது?"

"ஒட்டகம்."

"வெயிலில் இந்தப் பெண் நின்று அழுதபோது?"

"குழிமுயல்."

மூப்பர் எச்சில் விழுங்கினார். "நான் வந்து நின்றபோது?"

மெசுல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு, தாடிக்குள்ளேயே சொன்னார். "பன்றி."

"இவ்வளவு நேரம் நான் மூச்சை அடக்கிக்கொண்டு பன்றிக்கா மரியாதை செய்தேன்?" என்றார் மூப்பர். அவ்வளவுதான், ஊர் சிரித்தது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. மண்வெட்டியோடு வந்தவன் விஷயம் தெரியாமலே சிரித்தான்.

அக்சாள் மட்டும் சிரிக்கவில்லை. கிளம்பத் துடித்த ஏத்தானின் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, "ஐயா, மணிச் சத்தம் தூரமாகப் போகிறது" என்றாள்.

மெசுல்லாம் புதுத் தோலை எடுத்தார். "உன் அப்பா பெயர் என்னம்மா?" என்று கேட்டார். மூன்று வீடு தள்ளி வளர்ந்த பெண், அவள் அப்பா பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவருக்கே வெட்கமாக இருந்தது. தள்ளுதல் சீட்டு பன்னிரண்டு வரி. அந்தப் பன்னிரண்டு வரியில் திருப்பெயர் ஓர் இடத்திலும் வராது. ஒளிந்துகொள்ள இடமில்லாததால் மனிதர் மளமளவென்று எழுதி முடித்தார். சாட்சிகள் இருவர் அடையாளம் வைத்தார்கள். ஏத்தான் சீட்டை அவள் இரண்டு கையிலும் வைத்து, "நீ போகலாம்" என்று சொல்லிவிட்டு, மணிச் சத்தத்தின் பின்னால் ஓடினான்.

அக்சாள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். துக்கமா சந்தோஷமா என்று கேட்டால் இரண்டும்தான்.

கூட்டம் கலைந்தது. மெசுல்லாமுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. மெதுவாக அவளிடம் வந்து, "அம்மா, கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதே. ஏகூத் உண்மையிலேயே என் எழுத்தைப் பற்றி அப்படிச் சொன்னானா?" என்றார்.

"அவரை நான் பார்த்ததுகூட இல்லை ஐயா" என்றாள் அக்சாள். "ஓய்வுநாள் கூட்டத்தில் நீங்கள்தானே வாராவாரம் அவர் எழுத்தைப் பற்றி அப்படிச் சொல்வீர்கள்? அதைத்தான் அப்படியே படி எடுத்தேன். ஒரு பெயர் மட்டும் மாறிப்போச்சு."

ஆகையால் கேட்டுக்கொண்டிருப்பவர்களே, கடவுளின் பெயரைச் சாக்காக வைத்து மனிதரைக் காக்க வைப்பவன், கடவுளுக்கும் வேலை செய்வதில்லை, மனிதருக்கும் வேலை செய்வதில்லை.