மன்னர் வயிற்றில் மூண்ட போர்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கடலோரத்தில் முத்தன்துறை என்ற சீமையை மகரவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் அரசாட்சி முழுக்க நாக்கில் இருந்தது. சாப்பாடு ருசித்தால் கைதிகளுக்கு விடுதலை; உப்புக் கூடினால் பக்கத்து நாட்டோடு சண்டை.

அந்தப் பட்டினத்தில் கோயில் தெரு, பள்ளிவாசல் தெரு, மாதா கோயில் தெரு என்று மூன்று தெருக்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கிடந்தன. யார் வீட்டில் பண்டிகை என்றாலும் மற்ற இரண்டு தெருவுக்கும் பலகாரம் போகும். அரண்மனைக்கும் ஒரு தட்டு வரும். ராஜா அதைத்தான் வழித்து வழித்துச் சாப்பிடுவார். அரண்மனைச் சமையலை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். மடைப்பள்ளி அதிகாரி திருமேனிநாதருக்கு இதில் அடிவயிறு எரிந்தது.

அந்த வருஷம் நோன்பு மாதத்திலேயே தீபாவளி வந்தது. மாதா கோயில் திருவிழாவும் சேர்ந்துகொண்டது. ராஜா அதிரசத்தை விழுங்கி, அச்சு முறுக்கை நொறுக்கி, நோன்புக் கஞ்சியைக் குடம் குடமாகக் குடித்துவிட்டுச் சபைக்கு வந்தார். உட்கார்ந்ததுமே அவர் வயிறு 'கடமுடா' என்றது. வெளிநாட்டுத் தூதர் இடி என்று நினைத்துக் குடையை விரித்துவிட்டார்.

"என்ன சத்தம் இது?" என்று ராஜா பயந்துபோனார்.

திருமேனிநாதர் ஓடிவந்து நின்றார். "போர், அரசே! மூன்று மதத்துப் பலகாரமும் ஒரே வயிற்றில் இருந்தால் சும்மா இருக்குமா? உள்ளே வெட்டிக்கொள்கின்றன!"

"ஐயோ! என் வயிற்றிலா?"

அன்றைக்கே சட்டம் வந்தது. ஒரு தெருப் பலகாரம் இன்னொரு தெருவுக்குப் போகக்கூடாது. மீறினால் நாடு கடத்தல். வாசனைகூடத் தாண்டக்கூடாது என்று தெருமுனைகளில் வீரர்கள் பனையோலை விசிறியோடு நின்று, வந்த வாசனையை வந்த பக்கமே விசிறினார்கள். கடற்காற்று எதிர்த்து அடித்ததால் பாதிப் பேர் பிரியாணி வாசனையில் சொக்கிப்போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

பெருநாள் வந்தது. பள்ளிவாசல் தெரு ரஹ்மத் பீவி வட்டலப்பம் செய்தாள். தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்தது. சுவருக்கு அந்தப் பக்கம், கோயில் தெருவில் இருந்த செங்கமலம் பிள்ளை பெற்று எழுந்திருந்தாள். அவளுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. சுவருக்கு மேலாக ஒருத்தி கிண்ணத்தை நீட்ட, மற்றவள் கை நீட்ட, வீரர்கள் இரண்டு பேரையும் கிண்ணத்தோடு சபைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

"இரண்டு பேரையும் படகில் ஏற்றுங்கள்!" என்றார் ராஜா.

செங்கமலம் அழுதாள். "பச்சைப்பிள்ளையை விட்டுட்டு எங்கே போவேன், மகாராஜா?"

"அவளை விட்டுடுங்க. கொடுத்தது நான்தானே!" என்றாள் ரஹ்மத் பீவி.

அப்போது மந்திரி அல்லியங்கோதை எழுந்தார். "அரசே, போர் நடக்கும் இடத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லலாமா? முதலில் தங்கள் வயிற்றை விசாரிக்க வேண்டும்."

அரண்மனை நாதசுரம் வந்தது. அதன் அகன்ற வாயை ராஜாவின் தொப்பையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தார் மந்திரி.

"அதிரசம் பேசுகிறது, அரசே. 'கஞ்சி அண்ணே, கொஞ்சம் தள்ளி உட்காருங்க, முறுக்குத் தங்கச்சிக்கு இடம் வேணும்' என்கிறது."

"பொய்!" என்று பாய்ந்தார் திருமேனிநாதர். நாதசுரத்தைப் பிடுங்கிக் காதில் வைத்தார். "ஆகா! தெளிவாகக் கேட்கிறது! 'வெட்டு, குத்து' என்று கஞ்சி கத்துகிறது. அதிரசம் முறுக்கின் காலை உடைக்கிறது!"

"நன்றாகக் கேட்கிறதா?" என்றார் மந்திரி.

"கணீரென்று கேட்கிறது!"

அல்லியங்கோதை ராஜாவிடம் திரும்பினார். "அரசே, சட்டம் வந்தபிறகு வெளிப்பலகாரம் ஏதாவது சாப்பிட்டீர்களா?"

"எங்கே? எல்லாம் இந்த மடைப்பள்ளிக் களிதான்."

"அப்படியானால் அதிரசமும் முறுக்கும் கஞ்சியும் அதனதன் வழியில் என்றைக்கோ வெளியேறிவிட்டன. இப்போது உள்ளே இருப்பது நம் திருமேனிநாதர் சமையல் ஒன்றுதான். போர் நடப்பது உண்மையானால், அது தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது."

சபை சிரித்தது. ராஜா சந்தேகத்தோடு கேட்டார்: "ஆனால் மந்திரியாரே, அதிரசம் பேசியது உமக்கும் கேட்டதே?"

"நான் சொன்னது முழுப்பொய், அரசே. என் பொய்க்கு அவர் சாட்சி சொன்னார். உள்ளே கேட்டது ஒரே சத்தம்தான். தங்களுக்குப் பசி."

ராஜா வீரன் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினார். ஒரு வாய் வைத்தார், கண் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தபோது வட்டலப்பமும் இல்லை, சட்டமும் இல்லை.

"இந்தா அம்மா, கிண்ணம்" என்றார்.

ரஹ்மத் பீவி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வெறுங்கிண்ணத்தை வாங்குற பழக்கம் எங்க தெருவில் இல்லீங்க."

"எங்க தெருவிலும் இல்லீங்க. அதோடு, அது எனக்கு வந்த வட்டலப்பம்" என்றாள் செங்கமலம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ராஜா மோதிரத்தைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டார்.

"இதைத் திங்க முடியுமா, மகாராஜா?" என்றாள் செங்கமலம்.

வேறு வழியில்லை. கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மகரவழுதி மடைப்பள்ளிக்குள் போய்த் தன் கையாலேயே கேசரி கிண்டினார். அடி தீய்ந்தது, மேலே ரவை வேகவில்லை, சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்திருந்தது. அதை மூன்று தெருவிலும் வீடு வீடாகச் சுமந்து போய்க் கொடுத்து, ஒவ்வொருவரும் சாப்பிட்டு முடிக்கும்வரை கைகட்டி நிற்பதுதான் திருமேனிநாதருக்குத் தண்டனை.

ஜனங்கள் மரியாதைக்காரர்கள். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் விழுங்கினார்கள். பலருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"அழுதார்களா?" என்று திரும்பிவந்த திருமேனிநாதரிடம் ராஜா ஆவலாகக் கேட்டார்.

"ஆமாம், அரசே. எல்லோரும்."

ராஜா பூரித்துப்போனார். அடுத்த பண்டிகைக்கு இன்னும் பெரிய அண்டாவாக வாங்கிவரச் சொல்லி அன்றைக்கே ஆள் அனுப்பினார்.