மணற்பாறை பிறந்த இடம்

ஜமீனுக்கு வந்த பண்டிதர் ஊர் மணற்பாறையைத் தட்டிப் பார்த்தார். "இது கங்கை மணல் இறுகிய கல். இனி யாரும் இதை உடைக்கக்கூடாது" என்றார்.

கல்லுடைக்கும் இருளாயி, "இது நம்ம செம்மலை மணலுங்க" என்றாள்.

"நாளைக்குள்ள நிரூபி. இல்லேன்னா ஊரைவிட்டுப் போயிடு" என்றார் ஜமீன்தார்.

இருளாயி பாறைத்துண்டு ஒன்றை இடித்துத் தண்ணீரில் அரித்தாள். லேசான மணல் போய், கனமான சிவப்புப் பொடி தங்கியது. மறுநாள் அதையும் இன்னொரு பொடியையும் இலைகளில் வைத்து நீட்டினாள்.

"ஒண்ணு பாறையில எடுத்தது. மத்தது எந்த ஊருன்னு சாமிதான் சொல்லணும்."

பண்டிதர் இரண்டையும் உள்ளங்கையில் போட்டு உற்றுப் பார்த்தார். "சந்தேகமே இல்லை, இரண்டும் ஒரே இடத்து மணல்" என்றார் பெருமையாக.

"அந்த இடம் செம்மலை ஓடைங்க. மத்த பொடியைக் காலையில நான்தான் அங்க போய் அரிச்சு எடுத்தேன்."

ஜமீன்தார் சிரித்துவிட்டார். மதியமே பாறையில் உளிச்சத்தம் கேட்டது.