அம்மிக்கல் வைத்துப் பார்த்த மாரடைப்பு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. சம்பந்தப்பட்ட நாலு பேரும் அடுத்த தெருவில்தான் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். காதில் விழுந்தால், சரியாகச் சொல்லவில்லை என்று இன்னொரு தரம் செய்தே காட்டிவிடுவார்கள்.

கூழைக்குளத்தில் சடையாண்டி மேஸ்திரி என்று ஒருத்தர். பந்தல் போடுகிறவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி எதுவானாலும் அவர் கட்டினால்தான் பந்தல். அவர் முடிச்சுப் போட்டால் அதை அவிழ்க்க அவர் ஆட்கள்தான் வரவேண்டும். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி கிடையாது. இந்த ஆட்கள்தான் அவருக்கு எல்லாம்.

ஆட்கள் நாலு பேர். ஒச்சப்பன், சின்னக்கருப்பு, வெள்ளைச்சாமி, பூமிராசு. சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும்தான் செய்வார்கள். "ஏணியப் பிடிங்கடா" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி சாப்பிடப் போனால், திரும்பி வரும்வரை ஆளில்லாத ஏணியை நாலு பேரும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இவர்களில் பூமிராசு கெட்டிக்காரன். எப்படித் தெரியும் என்றால், மற்ற மூன்று பேரும் அப்படித்தான் சொன்னார்கள்.

பங்குனி மாதம் ஊரில் மருத்துவ முகாம் நடந்தது. பந்தல் இவர்கள் போட்டது. சுகாதார நிலையத்து நர்சம்மா மைக்கில் பேசியதை நாலு பேரும் சவுக்குக் கம்பு மேல் உட்கார்ந்தபடியே கேட்டார்கள்.

"மாரடைப்பு வந்தா நெஞ்சு மேல அம்மிக்கல்லத் தூக்கி வச்ச மாதிரி அழுத்தும். வலி இடது கைக்கு இறங்கும், தாடைக்கு ஏறும். காரணமே இல்லாம வேர்த்துக் கொட்டும். மூச்சு வாங்கும், குமட்டும். சில பேருக்கு வலியே தெரியாது, அசதியா மட்டும் இருக்கும். வாயுன்னு நெனச்சு சோடா குடிச்சிக்கிட்டு உக்காந்துறாதீங்க. எல்லாம் வரட்டும்னு காத்திருக்கவும் வேணாம். ஒண்ணு ரெண்டு தெரிஞ்சாலே நூத்தியெட்டுக்கு அடிங்க."

நாலு பேரும் அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டார்கள். அதுதான் பின்னால் மேஸ்திரியைக் காப்பாற்றியது. கிட்டத்தட்டக் கொன்றதும் அதுதான்.

சித்திரை பிறந்தது. ஊர்க்கோடியில் ஒரு காதுகுத்து. வீட்டுக்காரர்கள் முடியிறக்கக் குலசாமி கோயிலுக்குப் போய்விட்டார்கள். இவர்கள் ஐந்து பேரும் காலையிலிருந்து வேலை பார்த்து, பதினோரு மணிக்குப் பந்தலை நிமிர்த்திவிட்டார்கள். அப்போது மேஸ்திரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"நெஞ்சுல என்னமோ பண்ணுதுடா. வாயுவாத்தான் இருக்கும். ஒரு சோடா வாங்கியா."

ஒச்சப்பன் ஓடினான். பூமிராசு அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"சோடா குடிச்சிக்கிட்டு உக்காரக் கூடாதுன்னு நர்சம்மா சொல்லியிருக்கு."

"அப்ப நின்னுக்கிட்டுக் குடிக்கலாமா?" என்றான் சின்னக்கருப்பு.

"நிக்கிறதப் பத்தி அது ஒண்ணும் சொல்லல."

"டேய், என்னால நிக்க முடியாதுடா" என்றார் மேஸ்திரி.

"அப்ப சோடா வேணாம்" என்றான் பூமிராசு. அன்றைக்கு நடந்த முதல் நல்ல காரியம் அது.

மேஸ்திரிக்கு வேர்த்துக் கொட்டியது. அது காரணமில்லாத வேர்வையா என்று பார்க்க வேண்டியிருந்தது. சித்திரை வெயில் ஒரு காரணம் என்றான் வெள்ளைச்சாமி. சரி என்று நாற்காலியைப் பந்தலின் நடு நிழலுக்குத் தள்ளி, ஆளுக்கொரு ஓலையால் விசிறினார்கள். விசிறியவர்களுக்கு வேர்த்தது. மேஸ்திரிக்கு இன்னும் அதிகமாக வேர்த்தது.

"நமக்குக் காரணம் இருக்கு, விசுறுறோம். அவருக்கு ஒரு காரணமும் இல்ல" என்றான் பூமிராசு. "ஒண்ணு சரியாயிருச்சு. இப்ப நெஞ்சுக்கு வருவோம். மேஸ்திரி, அம்மிக்கல்லு வச்ச மாதிரியா இருக்கு?"

"அப்படித்தான்டா இருக்கு."

"அவசரப்படாதீங்க. உங்க நெஞ்சுல இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் அம்மிக்கல்லு வச்சிருக்காங்களா?"

"இல்ல."

"பெறகு எப்படித் தெரியும்?"

மற்ற மூன்று பேரும் கெட்டிக்காரனைப் பெருமையோடு பார்த்தார்கள்.

"ஒரு தடவ வச்சுப் பாத்துட்டா தெரிஞ்சிரும்" என்றான் ஒச்சப்பன்.

"அறிவு கெட்டவனே. சீக்காளி நெஞ்சுல கல்லு வைக்கலாமா? நல்லா இருக்கிறவன் நெஞ்சுலதான் வைக்கணும்" என்றான் பூமிராசு.

நல்லா இருக்கிறவன் சின்னக்கருப்பு. கொல்லைப்புறத்திலிருந்து அம்மிக்கல்லைத் தூக்கிவந்து, அவனை மேஸ்திரிக்குப் பக்கத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, மெல்ல நெஞ்சில் இறக்கினார்கள்.

"எப்படி இருக்கு?"

"அழுத்துது" என்றான் சின்னக்கருப்பு. "மூச்சு வாங்குது."

"மேஸ்திரி, உங்களுக்கு?"

"அழுத்துதுடா. மூச்சு வாங்குதுடா. இடது கையெல்லாம் இழுக்குது. நூத்தியெட்டுக்கு அடிங்கடா."

"ரெண்டும் ஒத்துப்போகுது" என்று பூமிராசு செல்போனை எடுத்தான். சின்னக்கருப்பு நெஞ்சில் இருந்த கல்லை யாரும் எடுக்கவில்லை. வைக்கத்தான் சொன்னார்கள், எடுக்கச் சொல்லவில்லை.

மறுமுனையில் ஒரு பெண் நிதானமாகப் பேசினாள். "சொல்லுங்க, யாருக்கு என்ன பண்ணுது?"

"எங்க மேஸ்திரிக்கு மாரடைப்புங்க. ஒத்துப் பாத்துட்டோம்."

"மூச்சு விடுறாரா?"

பூமிராசு திரும்பினான். "மேஸ்திரி, மூச்சு விடுறீங்களான்னு கேக்குது அந்தப் பொண்ணு."

"விடுறேன்."

"விடுறேன்ங்கிறாருங்க."

"நினைவோட இருக்காரா? பேசுறாரா?"

"மேஸ்திரி, பேசுறீங்களா?"

மேஸ்திரி அவனை முறைத்தார்.

"பேச மாட்டேங்கிறாருங்க. கோவத்துல இருக்காரு."

"எந்த இடம்? அடையாளம் சொல்லுங்க."

"கூழைக்குளம், ஊர்க்கோடி. ஊர்லயே பெரிய பந்தல் போட்டிருக்கு. அதுக்குக் கீழதான் இருக்கோம்."

"வண்டி கிளம்பிருச்சு, இருபது நிமிஷத்துல வந்துரும். அதுவரைக்கும் அவர நடக்க விடாதீங்க. சாய்ச்சு உக்கார வைங்க. இறுக்கமா இருக்கிறத எல்லாம் தளர்த்தி விடுங்க. பக்கத்துல இருந்து தைரியம் சொல்லுங்க."

தைரியம் சொல்லும் வேலை வெள்ளைச்சாமிக்கு. அவன் மேஸ்திரியின் காதருகே குத்தவைத்து, "தைரியம், தைரியம், தைரியம்" என்று சொல்ல ஆரம்பித்தான். மூச்சுக்கு ஒன்றாக, ஒன்றுகூட விடாமல் சொன்னான்.

இறுக்கமாக இருப்பதைத் தளர்த்த பூமிராசுவும் ஒச்சப்பனும் மேஸ்திரியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சட்டை போடவில்லை. வேட்டி ஏற்கெனவே தொளதொள. அரைஞாண் கயிறு வளையம் மாதிரித் தொங்கியது.

"இவருகிட்ட இறுக்கமா ஒண்ணுமே இல்லையே" என்றான் ஒச்சப்பன்.

"இல்லாமலா அந்தப் பொண்ணு சொல்லும்? எல்லாம்னு சொல்லுச்சு. நல்லாத் தேடு."

தேடினார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருடைய கண்ணும் மேலே போனது. அந்த இடத்திலேயே ரொம்ப இறுக்கமாக இருந்தது மேஸ்திரி தன் கையால் போட்ட முடிச்சுகள்தான்.

"டேய், அது பந்தல்டா" என்றார் மேஸ்திரி ஈனஸ்வரத்தில்.

"தைரியம்" என்றான் வெள்ளைச்சாமி.

ஆளுக்கொரு மூலையாக அவிழ்த்தார்கள். மூணாவது மூலை அவிழ்ந்ததும் பந்தல் லேசாகப் பெருமூச்சு விட்டது. நாலாவதில் கோயில் யானை முட்டி போடுகிற மாதிரி நிதானமாக இறங்கி உட்கார்ந்தது. நல்லவேளை, மேல்பக்கம் வெறும் படுதா. கம்புகள் வெளிப்புறமாகச் சாய்ந்தன. மேஸ்திரி இருந்த இடத்தில் படுதா கூம்பு மாதிரி நின்றது. சின்னக்கருப்பு இருந்த இடத்தில் மேடாக இருந்தது. உள்ளேயிருந்து "தைரியம், தைரியம்" என்று குரல் மட்டும் வந்தது.

படுதாவைச் சுருட்டி எடுத்தார்கள். மேஸ்திரி அதே நாற்காலியில், இன்னும் வெளுத்துப்போய் இருந்தார். கையால் நெஞ்சைப் பிடித்திருந்தார். அதைப் பார்த்ததும் ஒச்சப்பனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணே, போயிராதீங்கண்ணே. உங்கள விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

"போகல. வண்டி எங்க?"

அப்போதுதான் பூமிராசுவுக்கு உறைத்தது. பந்தல்தான் அடையாளம் என்று சொல்லியிருக்கிறான். பந்தல் இப்போது தரையில் கிடக்கிறது. வருகிறவர்கள் எதைப் பார்த்து வருவார்கள்?

திரும்பப் பந்தலை நிமிர்த்த நேரமில்லை. ஆனால் தெருமுனையில் ஒரு வளைவு கட்ட இவர்களுக்குப் பத்து நிமிஷம் போதும். ரெண்டு கம்பு, ரெண்டு பக்கமும் குலை தள்ளின வாழைமரம், மாவிலைத் தோரணம், நெற்றியில் "அனைவரும் வருக" பேனர். பட்டப்பகலில் சீரியல் லைட்டும் போட்டார்கள். ஒச்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பன்னீர்ச் செம்போடு வளைவுக்குக் கீழே நின்றான். வளைவு கட்டினால் ஒருத்தர் பன்னீர்ச் செம்போடு நிற்பதுதானே வழக்கம்.

ஆம்புலன்ஸ் வந்தது. உயிருக்குப் போராடுகிற வீட்டைத் தேடி வந்தவர்கள், விசேஷ வீட்டைப் பார்த்ததும் வேகமாகக் கடந்து போனார்கள். குளக்கரை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் கடந்து போனார்கள்.

"ரெண்டு தரம் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்களே" என்றான் ஒச்சப்பன்.

"பன்னீர் தெளிச்சியா?"

"வண்டி நின்னாத்தான தெளிக்க முடியும்."

மூன்றாம் தரம் வண்டி வளைவுக்குப் பக்கத்தில் நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார். ஒச்சப்பன் பன்னீர் தெளித்தான்.

"அண்ணே, விசேஷ வீட்டுல தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க. இங்க நெஞ்சுவலிக்காரரு யாரோ பந்தலுக்குக் கீழ இருக்காராமே, பந்தல் எங்க?"

"இதுதாங்க. வாங்க வாங்க. அவரு உள்ள உங்களுக்காகத்தான் உக்காந்திருக்காரு."

மருத்துவ உதவியாளர் பெட்டியோடு ஓடிவந்தார். தரையில் ஒருத்தன் வேர்த்து விறுவிறுத்து, மூச்சு வாங்கி, நெஞ்சில் அம்மிக்கல்லோடு கிடந்தான். அவனிடம் மண்டியிட்டார்.

"இவருக்கு என்ன ஆச்சு?"

"அவன் மாதிரிக்கு வச்சது" என்றான் பூமிராசு. "அசல் அங்க நாற்காலியில இருக்காரு."

உதவியாளர் ஒரு கணம்தான் நின்றார். பிறகு அசலிடம் போனார். ஸ்ட்ரெச்சர் வந்தது. மேஸ்திரியை ஏற்றினார்கள். நாக்கு வறண்டு போயிருந்தாலும் வெள்ளைச்சாமி கூடவே ஏறினான். ஆஸ்பத்திரி வாசல்வரை அந்த ஒரு வார்த்தையை நிறுத்தவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் கையில் குழாய் விட்டு, ரத்தக்குழாய் அடைப்பை எடுத்து, உள்ளே ஸ்டென்ட் என்று ஒரு சுருள் வைத்தார்கள். மூன்றாம் நாள் மேஸ்திரி எழுந்து உட்கார்ந்து, தன் பந்தலை யார் கட்டி முடித்தது என்று கேட்டார். பிழைத்துவிட்டார் என்று அப்போதுதான் எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது.

டாக்டர் நாலு பேரையும் கூப்பிட்டார். "வாயுன்னு விட்டிருந்தா இவரு இன்னிக்கு இல்ல. இன்னொரு அரை மணி நேரம் போயிருந்தாலும் கஷ்டம்தான். சரியாக் கண்டுபிடிச்சது யாரு?"

மூன்று பேரும் பூமிராசுவைக் காட்டினார்கள்.

"எப்படிப்பா கண்டுபிடிச்ச?"

"ஒரே ஒரு அம்மிக்கல்லு வச்சுத்தாங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "மாத்திரைய ஒரு வேளைகூட விடக்கூடாது. கனமான எதையும் தூக்கக்கூடாது. ஒரு மாசத்துக்குப் படி ஏறக்கூடாது."

மேஸ்திரி வீட்டு வாசலில் மூணு படி. ஆஸ்பத்திரியிலிருந்து கார் வந்து நின்றதும் நாலு பேரும் அந்த மூணு படியைப் பார்த்தபடி நின்றார்கள்.

"நாம தூக்கிட்டுப் போயிருவோம்" என்றான் சின்னக்கருப்பு. கல்லை எடுத்த பிறகு அவனுக்குப் பேச்சு தெளிவாக வந்தது.

"தூக்கிட்டுப் போனாலும் ஏறினது அவருதான்" என்றான் பூமிராசு. "பஸ்ஸுல மதுரைக்குப் போறோம். ஓடுறது பஸ்ஸு. மதுரைக்குப் போனது யாரு?"

"நாம."

"அப்ப?"

அவர் வீட்டுக்குள் போக முடியாது என்றால், வீடு அவரிடம் வரவேண்டியதுதான். வாசலில் பந்தல் போட்டார்கள். கட்டில் வந்தது, பீரோ வந்தது, அடுப்பு, குடம், டிவி, சாமி படம் எல்லாம் வரிசையாக வந்தன. நாள்காட்டியைப் பந்தக்காலில் மாட்டி அன்றைய தாளைக் கிழித்தார்கள். உள்ளே ஒரு விளக்குமாறு மிச்சமிருந்தது, அதையும் கொண்டுவந்தார்கள். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. கோபப்படக் கூடாது என்று டாக்டர் அவரிடம் தனியாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

எல்லாம் முடிந்ததும் பூமிராசு வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்தான். உள்ளே ஆளில்லாத வீடு, திருடன் வந்தால் என்ன செய்வது என்று யோசித்தான். கதவைச் சாத்திப் பெரிய பூட்டாகப் பூட்டினான். மூணு தரம் இழுத்துப் பார்த்தான். சாவி வெளியே இருந்தால் ஆபத்து என்று, அதை ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே போட்டான்.