ஏற்றாமல் வைத்த விளக்கு

வெயிலுகந்தார் என்று பெயர் வாய்த்தவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை வெயில் எட்டிப் பார்க்காத ஓர் இரும்பு அறைக்குள் கழித்தார். ஜலதுர்கா என்னும் போர்க்கப்பலில் அவர் சலவைத் தொழிலாளி. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். மாலுமிகளின் வியர்வையும் எண்ணெய்க் கறையும் ஏறிய உடுப்புகளை வெளுத்து, ஆவி பறக்கும் சூட்டில் நின்று தேய்த்து அடுக்குவார். கப்பலின் பீரங்கிகளைப் பற்றி ஊரே வாய் ஓயாமல் பேசும். அந்தப் பீரங்கிக்காரர்கள் சட்டையில்லாமல் நின்றால் யார் மதிப்பார்கள் என்று எவரும் யோசித்ததில்லை.

அந்த அறையின் நடுவே ஒரு தூண் உண்டு. மேல்தளத்தில் உயர்ந்து நிற்கும் கொடிமரத்தின் அடிப்பாகம்தான் தளத்தைத் துளைத்துக் கீழே இறங்கி, துணி மூட்டைகளுக்கு நடுவே தூணாக நின்றது. அதில் காலண்டரிலிருந்து கிழித்த துர்க்கையம்மன் படம் ஒன்றை வெயிலுகந்தார் ஒட்டியிருந்தார். கப்பலின் பெயரே அவள் பெயராக இருக்க, அவளுக்குக் கப்பலில் ஓர் இடம் இல்லாமல் எப்படி என்பது அவர் கட்சி. விடிந்ததும் தூணைத் துடைத்துக் குங்குமம் வைப்பார். "தாயே, எல்லாரையும் பத்திரமா கரையில கொண்டு விட்டுரு" என்பார். அதற்கு மேல் மந்திரம் எதுவும் அவருக்குத் தெரியாது. அம்மையும் அதற்கு மேல் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

ஒரு கார்த்திகை மாதத்துப் புயலில் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே செம்மணல்குப்பம் என்ற மீனவர் ஊரைக் கடல் சூழ்ந்துகொண்டது. ஜலதுர்கா அங்கே விரைந்தது. இளமையில் ஒரு போரைப் பார்த்த கப்பல் அது. ஆனாலும் அன்று கூரைகளிலிருந்தும் கவிழ்ந்த படகுகளிலிருந்தும் மக்களை வாரி எடுத்ததுதான் அது செய்த பெரிய காரியம் என்று நான் சொல்வேன். வந்தவர்களில் அஞ்சலாட்சி என்ற நிறைமாதக் கர்ப்பிணியும் இருந்தாள். ஏறும்போதே அவளுக்கு வலி கண்டுவிட்டது. எங்கும் ஈரமும் குளிருமாக இருக்க, காய்ந்து கதகதப்பாக இருந்த ஒரே இடம் சலவை அறைதான். அதிகாரிகளுக்காகத் தேய்த்து வைத்திருந்த விரிப்புகளையெல்லாம் வெயிலுகந்தார் கீழே விரித்துவிட்டு, வெளியே போய்க் கதவுக்கு முதுகு காட்டி நின்றார்.

பிள்ளை குறுக்கே கிடந்தது. கப்பல் மருத்துவர் வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மீண்டும் உள்ளே போனார். யார் பெற்ற பெண்ணோ, வெயிலுகந்தார் நின்ற இடத்திலேயே கைகூப்பினார்.

"தாயே, அந்தப் புள்ளையும் அது வயித்துப் புள்ளையும் பிழைச்சுக் கரை சேரட்டும். ஒன் தூணடியில, இந்த எடத்துலயே, ஒரு வெளக்கு போடுதேன்" என்றார்.

தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது. கப்பலின் நினைவாகக் குழந்தைக்குத் துர்கா என்று பெயரிட்டார்கள்.

கரை சேர்ந்ததும் வெயிலுகந்தார் கடைத்தெருவுக்குப் போய் ஒரு சின்னப் பித்தளை விளக்கு வாங்கி வந்தார். திரி திரித்து, எண்ணெய்க்காகச் சமையற்கட்டில் போய் நின்றபோதுதான் சமையற்காரர் தணிகாசலம் வாயைப் பிளந்தார். போர்க்கப்பலுக்குள் சமையற்கட்டுக்கு வெளியே நெருப்புக் கூடாது. அதிலும் சலவை அறைக்கு நேர் கீழேதான் வெடிமருந்துக் கிடங்கு. இத்தனை வருஷம் கப்பலில் இருந்தவருக்கு இது தெரியாதா என்றால், தெரியும். வேண்டிக்கொண்ட நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. கதவுக்குப் பின்னால் ஓர் உயிர் ஊசலாடும்போது விதிமுறை யாருக்கு நினைவிருக்கும்?

கேப்டனிடம் போய்க் கைகட்டி நின்றார். கேப்டன் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு விளக்குக்காக இத்தனை உயிரைப் பணயம் வைக்கலாமா என்று திருப்பிக் கேட்டார். "கூடாதுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தார். புதுக் கேப்டன் வரும்போதெல்லாம் மறுபடி போய்க் கேட்டார். பதில் மாறவில்லை. அதற்காக அவர் ஒருவரையும் நொந்துகொண்டதும் இல்லை. தினமும் விளக்கைத் துலக்கிப் புதுத் திரி இட்டு, ஏற்றாமலே தூணடியில் வைத்தார்.

தணிகாசலம் அவருக்கு 'இருட்டுப் பூசாரி' என்று பெயர் சூட்டினார். அது கப்பல் முழுக்கப் பரவியது. ஒருநாள் அவரே மனம் இளகி, "ஏம்பா, கரையில எத்தனையோ அம்மன் கோயில் இருக்கு. ஒண்ணுல ஏத்திட்டு வந்துடேன். அம்மன் எல்லா எடத்துலயும்தானே இருக்கா?" என்றார்.

"எல்லா எடத்துலயும் இருக்காதான். ஆனா நான் சொன்ன எடம் இது" என்றார் வெயிலுகந்தார்.

வருஷங்கள் ஓடின. துலக்கித் துலக்கி விளக்கு தேய்ந்தது, அவர் முடி நரைத்தது. ஜலதுர்காவுக்கும் வயதாகிவிட்டது. பழுது பார்த்து மாளவில்லை. ஓய்வு கொடுப்பதென்று முடிவானது.

அன்றுதான் அம்மையின் அடியாரான வெயிலுகந்தார் அந்த விளக்கை நினைத்து முதன்முறையாகக் கலங்கினார். கப்பல் போனால் அந்த இடமும் போகும். அம்மைக்குக் கொடுத்த வாக்கு அந்தரத்தில் நின்றுவிடும்.

பிரியாவிடை நாளில் பேண்டு வாசித்தார்கள். விருந்தினர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருக்க, வெயிலுகந்தார் பின்னால் ஒரு கயிற்றுச் சுருளின் அருகே நின்றார். சூரியன் மறையும் நேரத்தில் கொடி கடைசி முறையாக இறங்கியது. அதைத் துவைத்துத் தேய்த்தவர் அவர்தான். சுற்றி நின்ற பெரிய பெரிய மனிதர்களின் கண்கள் கலங்கின.

கூட்டம் கலையும்போது தணிகாசலம் அவர் கையில் ஒரு தீப்பெட்டியைத் திணித்தார். "வெடிமருந்தெல்லாம் எறக்கியாச்சு, கொடியும் எறங்கிடுச்சு. யாரும் பாக்கல. போய் ஏத்திட்டு வா."

வெயிலுகந்தார் தீப்பெட்டியோடு நேராகக் காவல் அதிகாரியிடம் போய்க் கேட்டார். தொட்டிகளில் இன்னும் எரிபொருள் இருக்கிறது, கூடாது என்றார் அவர். தீப்பெட்டி தணிகாசலத்திடமே திரும்பி வந்தது.

"கேக்காம ஏத்தியிருக்கலாமே" என்று தலையில் அடித்துக்கொண்டார் தணிகாசலம்.

"திருட்டு வெளக்க அவ வாங்கமாட்டா."

படத்தைப் பிய்த்தால் கிழியும் என்று அதைத் தூணிலேயே விட்டுவிட்டார். விளக்கைத் துண்டில் முடிந்துகொண்டு பலகை வழியே கரைக்கு இறங்கினார். அழக்கூடாது என்றுதான் நினைத்திருந்தார். பாதிப் பலகையிலேயே அழுதுவிட்டார்.

ஊருக்குத் திரும்பி இஸ்திரி வண்டி போட்டார். தெருவாசிகள், வண்டியின் ஓரத்தில் எரியாத விளக்கை வைத்துக் கும்பிடும் கிழவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஜலதுர்காவை உடைப்பதற்கு விற்றுவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்று அவர் சோறு உண்ணவில்லை. ஆனால் விளக்கைத் துலக்காமல் விடவும் இல்லை. "போட வேண்டியது என் பொறுப்பு. எடம் காட்ட வேண்டியது ஒன் பொறுப்பு" என்று அம்மையிடமே பாரத்தை இறக்கி வைத்தார்.

சில மாதங்கள் கழித்துத் தணிகாசலம் தேடி வந்தார். ஜலதுர்காவின் நினைவாக ஏதோ ஒன்றைச் செம்மணல்குப்பத்தில் நிறுவுகிறார்கள், கப்பலில் இருந்தவர்களை அழைக்கிறார்கள், சலவைக்கார அண்ணனை அவசியம் கூட்டி வரச் சொன்னார்கள் என்றார். வெயிலுகந்தார் விளக்கை முடிந்துகொண்டு கிளம்பினார்.

கடற்கரை மணலில் கொடிமரம் நின்றது. கடலுக்குப் போன படகுகள் கரை அறிந்து திரும்ப அதன் உச்சியில் பெரிய மின்விளக்குப் பொருத்தியிருந்தார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வெயிலுகந்தார் மட்டும் கீழே பார்த்தார். சாம்பல் நிறத் தூணில் அவர் வைத்த குங்குமம் அப்படியே அப்பியிருந்தது. ஓரம் கிழிந்த படத்திலிருந்து அம்மை அவரைப் பார்த்தாள்.

நரைக்கத் தொடங்கிய ஒரு பெண் முன்னால் வந்து அவர் காலைத் தொட்டாள். அஞ்சலாட்சி. பக்கத்தில் வளர்ந்த பெண்ணாகத் துர்கா.

"ஊர்க்காரங்க கப்பலோட மணியக் கேட்டாங்க. அது மியூசியத்துக்குப் போயிடுச்சு. நங்கூரத்தக் கேட்டாங்க, அதுவும் கெடைக்கல. அப்பத்தான் இந்தப் படத்துல இருக்கிற அம்மா என் கனவுல வந்தா அண்ணே. 'வெளக்கோட ஒருத்தன் வெளிய நிக்கிறான், வைக்க எடமில்லாம நிக்கிறான், எடம் குடு'ன்னா. வெளக்கு என்ன, ஆளு யாருன்னு எனக்குப் புரியல. ஆனா அவ சாஞ்சிருந்த தூணு தெரிஞ்சுது. வலியில நான் கட்டிப் புடிச்ச தூணு. கொடிமரத்த அடியோட குடுங்கன்னு கப்பல் உடைக்கிற எடத்துல போயி நின்னேன். பாதியில வெட்டித் தரோம்னாங்க. அடியோட வேணும்னு ஒத்தக்கால்ல நின்னு வாங்கியாந்தோம்."

வெயிலுகந்தார் துண்டை அவிழ்த்து விளக்கை எடுத்துத் தூணடியில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். கனவின் மிச்சம் அப்போது அவளுக்குப் புரிந்தது. தணிகாசலம் கூட்டத்துக்குப் பின்னால் போய்த் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

துர்கா எண்ணெய் ஊற்றினாள். கடல் காற்று வீசி அடித்தது. தீக்குச்சிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. யாரும் சொல்லாமலே மீனவர்கள் தோளோடு தோள் நெருங்கி நின்றார்கள். பெண்கள் முந்தானையை விரித்துப் பிடித்தார்கள். புயலில் அந்தக் கப்பல் தூக்கி எடுத்த ஊர், ஒரு சின்னத் திரியைச் சுற்றி மதிலாக நின்றது.

"இப்ப ஏத்தலாமா?" என்று வெயிலுகந்தார் வழக்கம்போல அனுமதி கேட்டார்.

"ஏத்துங்கண்ணே, இது ஒங்க எடம்" என்றாள் அஞ்சலாட்சி.

விளக்கு எரிந்தது.

ஜலதுர்காவின் இரும்பு எங்கெங்கோ உருகிக் கம்பியாகவும் தகடாகவும் போயிற்று. கொடிமரம் மட்டும் படகுகளுக்கு வழி காட்டிக்கொண்டு நிற்கிறது. உச்சியில் எரிவது அரசாங்க விளக்கு. அடியில் எரிவது அடியாருடையது. இரண்டையும் பார்த்துத்தான் அவ்வூர்ப் பெண்கள் வீட்டில் உலை வைக்கிறார்கள். சொன்ன இடத்தை விட்டு அசையாத மனத்துக்காக, அந்த இடத்தையே பெயர்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள் அம்மை. அப்படிப்பட்ட மனம் வாய்த்த வெயிலுகந்தாரை நினைத்து நாமும் ஒரு திரி ஏற்றுவோம்.