விழாத எலுமிச்சம்பழம்

நான் படித்த கான்வென்டின் விளையாட்டு விழாவில் பழைய மாணவிகளுக்கும் ஆயாக்களுக்கும் எலுமிச்சம்பழ ஸ்பூன் ஓட்டம். நாற்பத்தெட்டு வயதில், இந்த உடம்போடு, நான்தான் முதல். "வெற்றியும் ஒழுக்கமும் ஒண்ணா வருது பாருங்க!" என்று தலைமை சிஸ்டர் பூரித்தார். ஸ்பூனை வாயில் கவ்வியபடியே போட்டோவுக்கு நின்றேன்.

இரண்டாவதாக வந்த ஆயா லூர்துமேரி, "அக்கா ஏமாத்திட்டாங்க சிஸ்டர்" என்றாள்.

"சாட்சி இருக்கா? இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே!"

"சாட்சி எதுக்கு சிஸ்டர்? ஜெயிச்சவங்க மாதாவைக் குனிஞ்சு கும்பிடட்டும்."

மாதா என்றதும் சட்டென்று குனிந்தேன். ஸ்பூன் கவிழ்ந்தது, பழம் மட்டும் விழவில்லை. அடியில் சூயிங்கம்.

கோப்பை லூர்துமேரிக்குப் போனது. பன்னிரண்டு வருஷக் கான்வென்ட் படிப்பில் எனக்கு ஒட்டிய ஒரே நல்ல பழக்கம், அன்றைக்கா வேலை செய்ய வேண்டும்?